முற்பண விளக்கு

மின்சாரத்துக்குக் காசு கொடுப்பதில் இரு வழக்கங்கள் உள. எரித்துவிட்டுக் கொடுப்பது ஒன்று. கொடுத்துவிட்டு எரிப்பது மற்றொன்று. நம் ஊர்களில் நாம் பழகிய வழக்கம் முதலாவது. மானி வாசிப்பவர் வருவார். படலையில் நின்றபடி நாயைப் பிடிக்கச் சொல்லுவார். சுவரிலுள்ள பெட்டியைப் பார்த்து எழுதிப் பட்டியலைக் கையில் தந்துவிட்டுப் போவார். கட்டத் தவறினால் சிவப்பு அறிவித்தல் வரும். அதற்கும் அசையாதிருந்தால் ஒருநாள் ஏணியோடு இருவர் வந்து இணைப்பைக் கழற்றிவிட்டுப் போவர். அயலார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பர். அவமானந்தான்; ஆயினும் அந்த அவமானத்தில் ஒரு தெளிவு உண்டு. இணைப்பைக் கழற்றியவர் யார் என்பது ஊருக்கெல்லாம் தெரியும்.

இரண்டாவது வழக்கத்தை நான் அறிந்துகொண்டது இலண்டனின் கிழக்குப் பகுதியான ஈஸ்ற்ஹாமிலே. 2020 முதல் 2024 வரை அங்கே ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தேன். மாடிப்படியின் கீழே, சப்பாத்துகளும் குடைகளும் வைக்கும் இருட்டறையில் மானி இருந்தது. அதன் முகத்தில் சிறியதோர் எண்பலகை; எண்பலகையின் கீழே ஒரு துவாரம்; அத்துவாரத்தில் நுழைவதற்கென்று ஒரு பிளாஸ்ரிக் திறப்பு. இந்தத் திறப்பைக் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கடைக்காரர் அதனைத் தம்மிடமுள்ள பொறியிற் செருகி, நாம் கொடுக்கும் தொகையை அதிற் பதிந்து தருவார். வீட்டுக்கு வந்து மானியிற் செருகினால் அத்தொகை திறப்பிலிருந்து இறங்கி மானியில் ஏறும். ஏறும்வரை அது மின்சாரம் ஆகாது. பதிந்த திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இருட்டில் இருக்கவும் கூடும். ஒரு வீட்டின் திறப்பு மறு வீட்டு மானியிற் செல்லாது. காசை மட்டுமன்றி, விலை மாறும்போது புதிய விலையையும் திறப்பே சுமந்து வரும். மானியிலுள்ள கணக்கைக் கம்பனிக்குச் சுமந்து செல்வதும் அதுவே. அன்னத்தையும் மேகத்தையும் புகையிலையையும் தூதுவிட்ட தமிழர் மரபில் இந்தப் பிளாஸ்ரிக் துண்டுக்கும் ஓர் இடம் கொடுக்கலாம்.

நான் திறப்போடு செல்லும் கடை எங்களூரவர் ஒருவருடையது. இலண்டனின் கிழக்கிலும் தெற்கிலும் மேற்கிலும் ஈழத்தமிழர் நடத்தும் மூலைக்கடைகள் பல. பத்திரிகை, பால், பாண், பியர், முருங்கைக்காய் ஆகியவற்றோடு மின்சாரமும் அங்கே விற்பனையாகிறது.

“எவ்வளவு போடுறது மாஸ்ரர்?” என்பார்.

“பத்துப் போடுங்கோ அண்ணை.”

“குளிர் தொடங்கீற்றுது. இருவதாப் போடுங்கோவன். பிறகு இரவிலை ஓடித் திரியாமல்.”

மரக்கறி வாங்குவது போலவே மின்சாரமும் வாங்குகிறோம் என்று முதலிற் தோன்றிற்று. ஆனால் மரக்கறி தீர்ந்தால் உலைக்குள் அரிசியாவது இருக்கும். இது தீர்ந்தால் உலையே இல்லை.

இது இன்று நேற்றுப் பிறந்த ஏற்பாடன்று. 1880களின் இறுதியில், எரிவாயுவுக்கென்று, காசு போட்டால் திறக்கும் மானிகள் இங்கிலாந்திலே தோன்றின. அதற்கு முன் எரிவாயு வசதியுள்ளோரின் பொருள். மூன்று மாதத்துக்கொரு முறை பட்டியல் கட்டக்கூடியவர்களுக்கே கம்பனிகள் குழாய் கொடுத்தன. வாரக்கூலி பெறும் தொழிலாளியை நம்பி மூன்று மாதக் கடன் கொடுக்க எந்தக் கம்பனியும் முன்வரவில்லை. துவாரத்தில் ஒரு பென்னி போட்டால் ஒரு பென்னிக்குரிய வாயு வரும் என்ற பொறி வந்ததும் கடன் என்ற கேள்வியே எழாமற் போயிற்று. 1890களில் இலண்டன் தொழிலாளர் வீடுகளில் எரிவாயு அடுப்பு புகுந்தது இதனாலேதான். ஏழைக்கு விளக்குக் கொடுத்த பொறி என்ற புகழ் அதற்கு உண்டு. அப்புகழை நான் மறுக்கவில்லை.

பின்னர் மின்சாரத்துக்கும் இவ்வகை மானிகள் வந்தன. பென்னியின் இடத்தில் சிலிங் வந்தது. ஐம்பதுகளின் இறுதியில் கணக்காய்வுப் படிப்புக்காக இலண்டன் சென்ற என் பெரியப்பா, தம் மாணவப் பருவத்தைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் இறுதியில் அந்தச் சிலிங்குக்கே வந்து சேருவார். வாடகை அறையின் மூலையில் ஒரு மானி. அதற்குச் சிலிங்கைத் தவிர வேறு நாணயம் ஆகாது. கையில் ஒரு பவுண் தாள் இருந்தும் சிலிங் இல்லாமற் குளிரில் விறைத்த இரவுகள் உண்டாம். கடையிற் சில்லறை வாங்கும்போது சிலிங்கை வேறாக எடுத்து ஒரு தேயிலைத் தகரத்தில் சேர்த்து வைப்பாராம். நண்பர்கள் வந்தால் முதலில் மானியில் ஒரு சிலிங் போட்டுவிட்டுத்தான் நாற்காலியில் அமர்வது வழக்கமென்பார். விருந்தினன் கைநீட்டிக் கொடுப்பதை அப்படியொரு மரியாதையாக்கிய சமூகம் வேறு உண்டோ என்று அவர் சிரிப்பார். அவ்வறைகளின் மானிகள் பெரும்பாலும் வீட்டுக்காரருக்குச் சொந்தமானவை. விலையைக் கூட்டி வைப்போரும் இருந்தமையால், விற்கக்கூடிய உச்ச விலையைச் சட்டம் வரையறுக்க வேண்டியதாயிற்று.

கம்பனிகளின் காசு மானிகளில் இன்னொரு சடங்கு இருந்தது. குறித்த காலத்துக்கொரு முறை கம்பனி ஆள் வந்து பூட்டைத் திறந்து, நாணயங்களைச் சமையலறை மேசையிற் கொட்டி, அடுக்கடுக்காக எண்ணுவார். மானியைச் சற்றுக் கூடிய விலையில் வைத்திருப்பர் ஆகையால், உண்மைக் கணக்குப் போக மிச்சமான நாணயங்களை வீட்டுத் தலைவியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் செல்வார். அவள் பணத்தையே அவளுக்குக் கொடுக்கிறார். ஆனாலும் அது வந்த நாள் வீட்டில் பெருநாளாயிருந்ததெனத் தொழிலாளர் குடும்பங்களின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. மேசையின் இரு பக்கத்திலும் இரு மனிதர் இருந்து கணக்குப் பார்த்தார்கள் என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1971 பெப்ரவரி 15இல் பிரித்தானியா தசம நாணயத்துக்கு மாறியது. சிலிங் 5 பென்ஸ் ஆயிற்று. காலப்போக்கில் நாணய மானிகள் அருகி, எண்பதுகளிலிருந்து திறப்பும் அட்டையும் அவ்விடத்தைப் பிடித்தன. நாணயம் நிறைந்த தகரப் பெட்டியை உடைத்துத் திருடுவார்கள் என்ற அச்சம் நீங்கியது. அத்தோடு மேசையில் நாணயம் எண்ண வந்த மனிதரும் வராமற் போனார்.

இன்றைய மானியின் குணங்களுள் மூன்றைச் சொல்ல வேண்டும். முதலாவது, அவசரக் கடன். தொகை தீரும் தறுவாயில் திறப்பைச் செருகினால் மானி 5 அல்லது 10 பவுண் கடனாகத் தரும். அடுத்த முறை காசு போடும்போது அதை முதலிற் கழித்துக்கொள்ளும். இரண்டாவது, தயவு நேரம். இரவிலும் வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் தொகை தீர்ந்தாலும் விளக்கு அணையாது. கடைகள் பூட்டியிருக்குமே என்ற இரக்கத்தால் வந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்நேரத்தில் எரிந்ததெல்லாம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். தயவு முடியும் வேலைநாட் காலையில், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தம் செய்து அனுப்பிய கையோடு, வீடு அமைதியாகிவிடும். குளிர்பெட்டியின் முனகல் நிற்பதே முதல் அடையாளம். திங்கட்கிழமை காலையில்தான் திறப்போடு வருவோர் கூட்டம் அதிகமென்று எங்கள் கடைக்காரர் சொல்லுவார்.

மூன்றாவது, நிலைக்கட்டணம். ஒரு விளக்கும் ஏற்றாவிட்டாலும் நாள்தோறும் ஒரு தொகை கழிந்துகொண்டிருக்கும். 2023இல் அது நாட்டின் பகுதிக்கேற்ப நாற்பது, ஐம்பது பென்ஸ் அளவில் இருந்தது. எரிவாயு மானியில் இது இன்னும் கொடியது. கோடையில் வெப்பம் வேண்டாமென்று எரிவாயுவை மறந்திருப்பவர்களுக்கு, மானி மறக்காமற் கணக்கு வைத்திருக்கும். குளிர் தொடங்கிய முதல் நாள் 20 பவுண் போட்டால், கோடை முழுவதும் எரியாத அடுப்புக்கு அதிற் பெரும்பகுதி போய்விடும்.

நான் குடிபுகுந்த முதல் வாரத்திலேயே என் மானியில் 3 பவுண் காரணமின்றிக் குறைந்தது. அடுத்த வாரமும் அவ்வாறே. கம்பனிக்குத் தொலைபேசியில் எடுத்துக் கேட்டபோது, எனக்கு முன் இருந்தவர் வைத்துச் சென்ற கடனை மானி வாரந்தோறும் அறவிடுகிறது என்றார்கள். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. வாடகை ஒப்பந்தத்தை அனுப்பி, புதிய திறப்பு வந்து, கடன் கணக்கு அழிக்கப்பட மூன்று வாரம் சென்றது. பணம் திரும்பி வந்தது; அதிற் குறையில்லை. மனிதன் போன பின்பும் அவன் கடனைச் சுவர் நினைவில் வைத்திருந்தது என்பதுதான் எனக்கு விசித்திரமாயிருந்தது.

இவ்வேற்பாட்டில் நன்மையே இல்லை என்பதன்று. மாதக் கடைசியிற் பெரும் பட்டியல் வந்து திகைக்க வேண்டியதில்லை. எதற்கு எவ்வளவு செலவாகிறது என்ற அறிவு வேறெந்த முறையிலும் இவ்வளவு துல்லியமாக வராது. 2023 தொடக்கத்தில் ஓர் அலகு மின்சாரம் 30 பென்ஸுக்கு மேல் விற்றது. கேத்தலில் ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க மூன்று நான்கு பென்ஸ். இரண்டு கிலோவாற்று வெப்பமூட்டி ஒரு மணி நேரம் எரிய 60 பென்ஸுக்கு மேல். இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். சிக்கனம் கற்பிக்க இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஆனால் எந்நேரமும் மாடிப்படியின் கீழிருந்து பாடம் நடத்தும் ஆசிரியர் அவர். தேநீர் போடும்போது ஒரு கோப்பைக்கா இரண்டு கோப்பைக்கா என்று அளந்து தண்ணீர் பிடிக்கும் கை, விருந்தினர் வந்த வேளையிலும் அளந்தே பிடிக்கும். வறியவர்களுக்கு மட்டும் இப்படிப் பாடம் ஏன் என்ற கேள்வி எனக்கு அடிக்கடி எழுந்ததுண்டு. வசதியுள்ளோர் மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டிவிட்டு மானி எங்கே இருக்கிறதென்றே அறியாமல் வாழ்கிறார்கள்.

என்னோடு கற்பித்த ஆசிரியர் ஒருவர் தென்னாபிரிக்காவின் சொவெற்றோவைச் சேர்ந்தவர். என் திறப்பைக் கண்டு, “நாங்கள் திறப்பும் வைத்திருப்பதில்லை, எண் வைத்திருக்கிறோம்” என்றார். அங்கே காசு கொடுத்தால் 20 இலக்கம் கொண்ட ஓர் எண் கிடைக்கும். அதை மானியின் விசைப்பலகையில் அழுத்த வேண்டும். அந்த மானிக்கு மட்டும், ஒரே ஒரு முறை மட்டும் செல்லும் எண். அவருடைய தாயார் அந்த எண்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அழுத்துவாராம்.

தென்னாபிரிக்காவில் அது பரவிய வரலாறு வேறு. எண்பதுகளில் நிறவெறி ஆட்சிக்கு எதிராகக் கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் வாடகையும் சேவைக் கட்டணமும் கட்டாமல் மறுக்கும் போராட்டம் நடந்தது. சொவெற்றோ அதன் முன்னணியில் நின்றது. 1994இன் பின் இலட்சக்கணக்கான ஏழை வீடுகளுக்கு முதன்முறையாக மின்சாரம் சென்றபோது, பெரும்பாலும் முற்பண மானியோடுதான் சென்றது. கட்டமாட்டேன் என்று மறுப்பதற்குப் பட்டியல் என்று ஒன்று இருக்க வேண்டும். பட்டியலே இல்லாத இடத்தில் மறுப்பும் இல்லை. அந்த எண்களுக்குள் காலமும் பதிந்திருக்கிறது: 1993 சனவரி முதலாம் நாளிலிருந்து நிமிடங்களை எண்ணிவரும் ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்கு ஒதுக்கிய இடம் 2024 நவம்பர் 24இல் நிரம்பியது. அதற்கு முன் ஒவ்வொரு மானியிலும் இருபது இலக்க எண்கள் இரண்டை அழுத்தி அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்காத மானி அதன்பின் புதிய எண்ணை ஏற்கவில்லை.

இங்கே நம் மாணவர்கள் நன்கறிந்த ஓர் இலக்கணச் செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். ‘விளக்கு அணைந்தது’ என்பது தன்வினை. ‘விளக்கை அணைத்தார்கள்’ என்பது பிறவினை. முன்னதில் ந், பின்னதில் த். ஓர் எழுத்து மாறினால் அணைத்தவர் மறைந்துவிடுகிறார். முற்பண மானி செய்யும் வேலை முழுவதும் இந்த ஓரெழுத்து மாற்றத்துள் அடங்கும். நம் ஊரில் ஏணியோடு வந்த இருவர் பிறவினைக்குரியவர்கள். ஈஸ்ற்ஹாம் மாடிப்படியின் கீழே எவரும் வருவதில்லை. விளக்கு அணைகிறது. அவ்வளவே.

ஆங்கிலத்தில் இதற்கு வைத்திருக்கும் பெயர் இதனினும் ஒருபடி மேலே செல்கிறது. காசு போட இயலாமல் இருளில் இருப்பவரைப் பற்றி எழுதும்போது ‘தாமே தம் இணைப்பைத் துண்டித்துக்கொண்டார்’ என்ற பொருள்படும் தொடரையே அறிக்கைகளிற் பயன்படுத்துகிறார்கள். தற்கொலை, தற்பெருமை என்பவற்றைப் போலத் தற்றுண்டிப்பு என்று தமிழில் ஆக்கிக்கொள்ளலாம். கையில் காசில்லாதவன் தன் கையாலேயே விளக்கை அணைத்தான் என்று சொல்லும் சொல் அது. எவ்வளவு கொடுமையான விடயத்தையும் எழுவாயை மாற்றிச் சொன்னால் நாகரிகமாகிவிடும் போலும்.

சொல்லில் மட்டும் நின்ற மாற்றமன்று இது. எண்பதுகளிற் கடனுக்காகப் பிரித்தானியாவில் ஆண்டுதோறும் பல்லாயிரம் வீடுகளின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அது செய்தியாயிற்று, பாராளுமன்றத்திற் கேள்வியாயிற்று. பின்னர், துண்டிப்பதற்குப் பதிலாக முற்பண மானி பொருத்தும் வழக்கம் வந்ததும், துண்டிப்புக் கணக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாமற் குறைந்தது. அறிக்கையிற் பார்த்தால் பெரும் சாதனை. 2022ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் மானியிற் காசு தீர்ந்து இருளிலும் குளிரிலும் இருந்தனர் என்று மக்களுக்கு ஆலோசனை வழங்கும் ‘சிற்றிசன்ஸ் அட்வைஸ்’ அமைப்பு 2023 சனவரியிற் கணக்கிட்டது. பத்து வினாடிக்கு ஒருவர். இவர்களில் எவரையும் எந்தக் கம்பனியும் துண்டிக்கவில்லை.

அந்த மாரியை நான் மறக்கமாட்டேன். உக்ரேன் போருக்குப் பின் எரிவாயு விலை ஏறி, மின்சார விலையும் ஏறியிருந்தது. அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண் உதவி அறிவித்தது. ஒக்ரோபர், நவம்பரில் 66 பவுண் வீதமும், டிசம்பர் முதல் மார்ச் வரை 67 பவுண் வீதமும். வங்கி மூலம் கட்டுவோருக்கு அது கேளாமலே கணக்கிற் சேர்ந்தது. திறப்பு வைத்திருந்த எங்களுக்கோ தபாலிற் சிட்டை வந்தது. அதைக் கடைக்கோ தபாற் கந்தோருக்கோ கொண்டுபோய் மாற்ற வேண்டும். தொண்ணூறு நாளிற் காலாவதியாகும். விளம்பரக் கடிதமென்று எண்ணிச் சிட்டையைக் குப்பையில் இட்ட முதியவர்களை நானறிவேன். என் தெருவில் ஒரு கிழவிக்கு வந்த சிட்டையில் இறந்துபோன கணவரின் பெயர் இருந்தது. அடையாள அட்டை காட்டி மாற்ற அவரால் இயலவில்லை. மிகத் தேவையானவர்களுக்கு மிகச் சுற்றுவழி.

இதற்கிடையே மறுபுறத்தில், கடன் வைத்தவர்களின் வீடுகளில் பலவந்தமாக முற்பண மானி பொருத்தும் வேலை நடந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, நீதவானின் ஆணை பெற்றால் கம்பனியின் ஆட்கள் பூட்டைத் திறந்து உள்ளே செல்லலாம். இந்த ஆணைகளை நூற்றுக்கணக்கில், சில நிமிடங்களில் வழங்கிய நீதிமன்றங்கள் இருந்தன. புதுவகை மானிகளில் அதுவும் வேண்டியதில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் இருந்தபடியே வீட்டை முற்பணத்துக்கு மாற்றிவிடலாம். 2023 பெப்ரவரித் தொடக்கத்தில் ‘ரைம்ஸ்’ பத்திரிகை, கடன் அறவிடுவோருடன் தன் நிருபர் ஒருவரை இரகசியமாக அனுப்பிக் கண்டவற்றை வெளியிட்டது. சிறு குழந்தைகள் உள்ள வீடுகளும் வலுவிழந்தோரின் வீடுகளும் அவற்றுள் இருந்தன. நாடே திகைத்தது. மின்சார, எரிவாயு ஒழுங்காளர் பலவந்தப் பொருத்துதலை நிறுத்தும்படி கம்பனிகளைக் கேட்டார். அதே மாதம் ஆறாம் நாள், புதிய ஆணைகளுக்கான விண்ணப்பங்களை எடுக்க வேண்டாமென்று இங்கிலாந்து, வேல்ஸ் நீதவான்களுக்கு உயர் நீதிபதியொருவர் பணித்தார். அன்றொரு நாள் செய்தித்தாள் எல்லாம் பிறவினையில் எழுதின என்பதை இலக்கண ஆசிரியன் என்ற முறையில் குறித்துவைத்தேன். பூட்டை உடைத்தவரைக் கண்ணாற் கண்டபின் எழுவாயை எப்படி மறைப்பது?

2023 நவம்பரில் புதிய விதிகள் கட்டாயமாயின. 75 வயதைக் கடந்து வீட்டில் உதவியின்றி இருப்போர், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையுள்ளோர் முதலியோரின் வீடுகளில் பலவந்தமாக முற்பண மானி பொருத்தலாகாது. ஏனையோரையும் பத்து முறையாவது தொடர்புகொள்ள முயன்ற பின்பே பொருத்தலாம். திறப்பு வைத்திருந்தோர் மற்றவரினும் கூடுதலாகச் செலுத்திவந்த அநீதியும் 2023 யூலையில் அரச மானியத்தாலும், 2024 ஏப்பிரலிலிருந்து ஒழுங்காளரின் ஏற்பாட்டாலும் நீங்கியது. இவை வரவேற்கத் தக்கவை. ஆனால் இவ்விதிகள் மானி புதிதாக வீட்டினுள் வரும் வாசலையே காக்கின்றன. ஏற்கெனவே உள்ளே இருக்கும் மானியில் இன்றிரவு எத்தனை பவுண் இருக்கிறதென்று கேட்கும் விதி அவற்றுள் இல்லை.

எங்கள் கடைக்காரரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிப்பிள்ளைகள் பாவிக்கும் அளவில், மட்டை கிழிந்தது. பெட்டியடிக்குக் கீழே, சிகரெட் லைற்றர்களுக்குப் பின்னால் வைத்திருப்பார். முற்பண மின்சாரத்தில் கடைக்காரருக்குக் கிடைக்கும் தரகு சில பென்ஸே. பதிந்த தொகை முழுவதையும் அவர் வங்கிக் கணக்கிலிருந்து பொறிக்காரர் உடனுக்குடன் எடுத்துக்கொள்வர். எனவே ஒருவருக்குக் காசு வாங்காமற் பதிந்து கொடுத்தால் அது அவர் சொந்தப் பணம். இதை நன்கு அறிந்தே, அந்த மாரியில் ஐந்தும் பத்துமாகப் பலருக்குப் பதிந்து கொடுத்தார். தமிழர் மட்டுமல்லர், பெயர் தெரியாதவர்களை அவர் தமக்கு விளங்கும்படி எழுதியிருந்தார்: ‘12ஆம் நம்பர் ஆச்சி’, ‘ருமேனியாத் தம்பி’, ‘இரட்டைப் பிள்ளைத் தாய்’. வெள்ளைக்காரி ஒருத்திக்கு ‘சிவத்தக் கோட்டு’ என்று பெயர்.

“திருப்பித் தருவினமோ அண்ணை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அரைவாசிப் பேர் தருவினம் மாஸ்ரர்,” என்றார். பின்பு சிவத்தக் கோட்டின் கணக்கிலிருந்த ஒரு வரியைப் பேனையால் வெட்டிவிட்டு, அடுத்து நின்றவரின் திறப்பை வாங்கிப் பொறியிற் செருகினார்.